புது டிஸ்க் வைத்த கழுத்துக்குப் பட்டை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. கரும்பு வெட்டுக்குப் போகிறவர். கழுத்து ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதால், 5, 6-ஆவது எலும்புகளுக்கு நடுவே செயற்கை டிஸ்க் வைத்து 5 வாரம் ஆகிறது. கைவலி போய்விட்டது. ஆனால் பெருவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே புதிதாக வலிக்கிறது. டிஸ்க் நகர்ந்துவிடும் என்று பயந்து தூங்கும்போதுகூடக் கழுத்துப் பட்டையைக் கழற்றுவதில்லை. சலூனில் சொடுக்கெடுத்தால் வலி போய்விடும் என்கிறார்கள். அரவைப் பருவத்தில் கட்டு தூக்கலாமா?

— ஒரு வாசகி, விக்கிரவாண்டி

பதில்: முதலில் சொடுக்கு. கூடவே கூடாது, அம்மா. இப்போது மட்டுமல்ல, இனி எப்போதுமே. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், இன்னும் எலும்போடு ஒட்டிப் பிடித்துவராத டிஸ்க்குக்கும் ஆபத்து. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்க்கும் ஆபத்து.

அதற்காகக் கழுத்தைக் கட்டிப்போடவும் வேண்டாம். பழைய முறையில் ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைப்பார்கள். அந்த இடத்தில் அசைவு போய்விடும். அசைவைக் காப்பாற்றத்தான் செயற்கை டிஸ்க் வைப்பதே. மாதக்கணக்கில் பட்டை போட்டால் தசை சூம்பும், கழுத்து இறுகும். உங்கள் அறுவை மருத்துவர் தனியாக ஏதும் காரணம் சொல்லவில்லை என்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பட்டையைக் கழற்றிவிடலாம். கழுத்துப் பயிற்சியை மட்டும் தானாகச் செய்யாமல், முறையாகக் கற்றுக்கொண்டு செய்யட்டும். பக்கத்திலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சைச் சீட்டை எடுத்துக்கொண்டு பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள்.

தோள்பட்டை நடுவே வரும் வலி பலருக்கும் வருவதுதான். வருடக்கணக்கில் தேய்ந்து குறுகிய இடைவெளியை டிஸ்க் உயர்த்திப் பிடிக்கிறது. பின்னாலுள்ள சிறு மூட்டுகளும் தசைகளும் அதற்குப் பழக வேண்டும். சில வாரங்களில் தணியும். அதற்காக மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

பெருவிரல் மரப்புக்குத்தான் பொறுமை வேண்டும். அழுத்தம் நீங்கினால் வலி சீக்கிரம் போகும், உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும். அழுத்தத்தில் சேதமான நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து பெருவிரல்வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கியும் விடலாம். சட்டைப் பொத்தான் போடும்போது விரல் எப்படி வேலை செய்கிறது என்று மாதாமாதம் கவனியுங்கள். மரப்பு அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. பலம் குறையக் கூடாது.

இனி, நீங்கள் கேட்க விரும்பாத பதில். ஆலைக்குப் போகும் கரும்புக் கட்டை அவர் தலையில் இனி ஏற்ற வேண்டாம். தலைச்சுமை தூக்குகிறவர்களுக்குக் கழுத்துத் தேய்மானம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புது டிஸ்க் தாங்கினாலும் அதற்கு மேலும் கீழும் உள்ள ஜவ்வுகள் அவருடைய பழைய ஜவ்வுகள்தானே? கூலி குறையும் என்பது எனக்குத் தெரியும். அதை லேசாகச் சொல்லவில்லை. 3 மாதம் கழித்து மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சம்மதித்தால், வெட்டுக்கும் சோகை உரிப்பதற்கும் மட்டும் விடும்படி மேஸ்திரியிடம் இப்போதே பேசிவையுங்கள். பருவம் தொடங்கிய பிறகு கேட்டால் நடக்காது. பீடிப் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தட்டும். டிஸ்க் எலும்போடு பிடிப்பதைப் புகை தடுக்கும்.

காய்ச்சல், தையல் இடத்தில் சீழ், கை பலம் திடீரெனக் குறைவது, நடக்கும்போது தள்ளாடுவது, செருப்பு தெரியாமலே காலிலிருந்து நழுவுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

டிஸ்க்கின் பெயரும் அளவும் அச்சிட்ட சீட்டு ஒன்று மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.