பால்கோவாவுக்கு முன்னால் தொழுவம்

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் பஸ் ஏறுவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அவ்வளவு நேரம் அடுப்பில் கிண்டியதில் எந்தக் கிருமி தப்பும் என்பார்கள். கிருமி சாகும், அது முன்பே கக்கிய நஞ்சு சாகாது. அதனால் வேலை தொழுவத்தில் தொடங்குகிறது.

முதலில் தீவனம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை, மாட்டுக்குத்தானே என்று போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள அஃப்லடாக்சின் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. பால் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

அடுத்து மடி. கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் மடிநோய். அந்தப் பால் கேனுக்குப் போகக் கூடாது. மடிநோய் தரும் கிருமிகளில் ஒன்றான ஸ்டெஃபைலோகாக்கஸ், ஆறாமல் கிடக்கும் பாலில் பெருகிக் கக்கும் நஞ்சுதான் கொதியையும் தாங்குவது. டாக்டர் ஊசி போட்டால், எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று அவரிடமே கேளுங்கள். நஷ்டம்தான். ஆனால் சொசைட்டியில் நம் பால் ஊர்ப்பாலோடு கலக்கிறது.

கறந்ததும் வெயிலில் வைக்காமல் ஊற்றிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்ததைப் பொங்கக் காய்ச்சுங்கள், பச்சைப் பால் வேண்டாம்.

மாசம் நிறையாமல் மாடு கன்று வீசினால் இளங்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். அதை ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உண்டு; இந்த மாட்டுக்கு அது ஆகாது, நாய் இழுத்துப்போகும். கிணறு, ஓடைக்குத் தள்ளி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கன்று வீச்சு நோய் மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் படுத்தும். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே தடுப்பூசி. அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசம்.

கோவா இறக்கியபின் ஆபத்து கையில். விரலில் புண் உள்ளவர் அள்ளக் கூடாது. சூடாறுமுன் மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சில்லறையாக நிறுத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிவரை உண்ணலாம் என எழுதிவைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். பொதிகை ரயிலில் ஏறி விடிந்து சென்னையில் இறங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள். வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகப் பிரிட்ஜில் வையுங்கள்.