நோடுகள் பேசிக்கொள்ளும் நேரம்: பேரலல் நிரல்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவின் முதல் பேரலல் கணினியான ஃப்ளோசால்வர் 1986-இல் பெங்களூரின் என்.ஏ.எல். விமானவியல் ஆய்வகத்தில் உருவானது. யு.என். சின்ஹா தலைமையிலான குழு அதை வானிலைக் கணிப்புக்காகத் தொடர்ந்து வளர்த்தபோது ஃப்ளோஸ்விட்ச் என்ற கருவியையும் செய்தது. செய்திகளைக் கடத்தும்போதே அவற்றின் மீது கணக்கும் போடும் ஸ்விட்ச் அது. ப்ராசஸர்கள் ஒன்றோடொன்று பேசச் செலவாகும் நேரத்தைக் குறைக்காமல் வானிலைக் கணிப்பு வேகமெடுக்காது என்ற தெளிவு அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பிரவேகா வந்தது. அத்தகைய இயந்திரத்தில் முதன்முதலாக எம்.பி.ஐ. (ப்ராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் தரநிலை) நிரல் ஓட்டுபவருக்கும் அந்தப் பழைய சிக்கல்தான் எதிர்ப்படும்: நோடுகளை, அதாவது கிளஸ்டரில் இணைந்த தனித்தனிக் கணினிகளை, கூட்டியும் வேகம் கூடாது. ஏன் கூடவில்லை என்று கண்டுபிடிக்கும் வழி இது.

1. அடிப்படை அளவை எடுங்கள்

கணக்கின் அளவை மாற்றாமல் 1, 2, 4, 8 நோடுகளில் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டுங்கள். பலர் பகிரும் கிளஸ்டரில் ஒரே ஓட்டத்தை நம்பவே கூடாது. வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில், நோடை முழுதாக உங்களுக்கே ஒதுக்கும்படி கேளுங்கள். வேகம் எந்த இடத்தில் தேங்குகிறதோ அங்கிருந்துதான் ஆய்வு தொடங்கும்.

2. நெட்வொர்க்கைத் தனியாகச் சோதியுங்கள்

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஓ.எஸ்.யு. மைக்ரோ பெஞ்ச்மார்க்ஸ் இதற்குப் போதும். இரண்டு ப்ராசஸ்களை இரண்டு வெவ்வேறு நோடுகளில் வையுங்கள். ஒரே நோடில் வைத்தால் நீங்கள் அளப்பது நெட்வொர்க்கை அல்ல, மெமரியை.

இரண்டு எண்கள் கிடைக்கும்: ஒரு செய்தி கிளம்பிச் சேர ஆகும் குறைந்தபட்சத் தாமதம், நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்ற பேண்ட்விட்த். தாமதம் 2 மைக்ரோ நொடி, பேண்ட்விட்த் நொடிக்கு 10 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 8 பைட் செய்திகள் ஆயிரத்தை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஏறத்தாழ 2,000 மைக்ரோ நொடி ஆகும். அதே 8,000 பைட்டை ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பினால் 2.8 மைக்ரோ நொடி. தொடக்க நிலை நிரல்கள் பலவற்றில் வேகம் தொலைவது இங்கேதான்.

3. நிரலுக்குள் பாருங்கள்

எம்பிஐபி என்ற சிறு ப்ரொஃபைலரை நிரலோடு இணைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு ப்ராசஸும் எம்.பி.ஐ.க்குள் எவ்வளவு நேரம் இருந்தது, எந்த அழைப்பில் இருந்தது என்று ரிப்போர்ட் தரும். நேர வரிசையைப் படமாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்கோர்-பி, வாம்பிர் இருக்கின்றன. அவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

4. காத்திருப்பைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் ஆல்ரெட்யூஸ் (எல்லா ப்ராசஸ்களின் மதிப்புகளையும் சேர்த்து விடையை எல்லாவற்றுக்கும் தரும் அழைப்பு) நேரத்தில் 40 சதவீதம் என்று கண்டதும் நெட்வொர்க் மீது பழி போடத் தோன்றும். ஆனால் ஆல்ரெட்யூஸ் முடிய எல்லா ப்ராசஸும் வந்து சேர வேண்டும். 64 ப்ராசஸ்களில் ஒன்று தாமதித்தால் மீதி 63-உம் சும்மா நிற்கும். அந்த நிற்கும் நேரமும் தகவல் பரிமாற்றக் கணக்கிலேயே எழுதப்படும்.

சோதனைக்காக ஆல்ரெட்யூஸுக்கு முன்னால் ஒரு பேரியர் (எல்லா ப்ராசஸும் வரும்வரை நிறுத்திவைக்கும் அழைப்பு) போட்டு இரண்டையும் தனித்தனியே அளவெடுங்கள். நேரத்தில் பெரும்பகுதி பேரியருக்குப் போனால் சிக்கல் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. எம்.பி.ஐ.யில் மிகக் குறைந்த நேரம் இருக்கும் ப்ராசஸ்தான் பெரும்பாலும் மற்றவற்றைக் காக்க வைப்பது. வானிலை மாதிரிகளில் இது வெளிப்படையாகத் தெரியும்: பகல் இருக்கும் பகுதிக்குச் சூரியக் கதிர்வீச்சுக் கணக்கு உண்டு, இரவுப் பகுதிக்கு இல்லை. பரப்பைச் சமமாகப் பிரித்தாலும் வேலை சமமாகாது. அளந்து முடித்ததும் பேரியரை எடுத்துவிடுங்கள்.

5. திருத்துங்கள், ஒரு முறைக்கு ஒன்று

முதலில் வேலையைச் சமப்படுத்துங்கள். அடுத்து சிறு செய்திகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.

பிறகு பிரிக்கும் வடிவம். ஒரு பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட கனசதுரக் கட்டத்தை 64 ப்ராசஸ்களுக்குப் பிரிப்பதாக எண்ணுங்கள். பலகை பலகையாக வெட்டினால், நடுவில் இருக்கும் ஒவ்வொன்றும் இரு பக்கமும் சேர்த்து 5,24,288 எல்லைப் புள்ளிகளைப் பரிமாற வேண்டும். 128 புள்ளிப் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் ஆறு முகங்களுக்கும் சேர்த்து 98,304 போதும். செய்திகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஆறாகும். எது லாபம் என்பதை இரண்டாம் படியில் கிடைத்த எண்களே சொல்லும்.

கடைசியாக, செய்தி முடியக் காத்திராமல் திரும்பும் அழைப்புகளான ஐசெண்ட், ஐரெசீவ் கொண்டு செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே உட்புறப் புள்ளிகளைக் கணக்கிடுவது. பெரிய செய்திகளைச் சில எம்.பி.ஐ. நூலகங்கள் பின்னணியில் நகர்த்துவதில்லை; நிரல் மீண்டும் எம்.பி.ஐ.யை அழைக்கும்போதுதான் அவை நகரும். ஆகவே இந்த மாற்றத்தின் பலனை ஊகிக்காதீர்கள், அளவெடுத்து உறுதி செய்யுங்கள்.

6. சொந்தக் கிளஸ்டரில் பழகுங்கள்

சூப்பர் கணினியில் கணக்குக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பழைய கணினிகளை ஜிகாபிட் ஈதர்நெட் ஸ்விட்சில் இணைத்து ஓப்பன்எம்பிஐ என்ற எம்.பி.ஐ. நூலகத்தை நிறுவினால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைச் செய்து பார்க்கலாம். அங்கே ஒரு செய்தியின் தாமதம் பத்து மைக்ரோ நொடிகளைத் தாண்டும். நிரலில் இருக்கும் வீண் பேச்சு உடனே அம்பலமாகும்.