மனச்சோர்வின் குறிகள்

துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. உற்றாரை இழந்தவன் அழுகிறான், நாளடைவில் தேறுகிறான். நோயுற்றவனோ காரணமின்றியும் வாடுவான்.

ஆலையில் என்னுடன் உழைத்த தோழர் ஒருவர் அறுந்த இழையைக் கண்டும் ஒட்டாமல் நிற்பார். விடியுமுன் விழித்துக்கொள்வார், சோறு இறங்காது, பெற்ற மகளின் சிரிப்பும் அவருக்கு இனிக்கவில்லை. வீட்டுக்குத் தாம் ஒரு பாரம் என்பார். சோம்பேறி என்று ஏசினோம். ஏசியவருள் நானும் ஒருவன்.

இத்தகைய குறிகள் இரண்டு வாரம் நாள்தோறும் நீடித்து வேலையையும் உறவையும் குலைக்குமாயின் மருத்துவரை நாடவேண்டும். சிலருக்கு உறக்கமும் பசியும் மிகுவதுண்டு. சிலர் உடல்வலி என்று மட்டுமே சொல்வர். தைராய்டு சுரப்புக் குறைவும் இவ்வாறு தோன்றுமாதலால் சோதித்தல் நன்று. மருந்து பலன்தரச் சில வாரங்களாகும், இடையே நிறுத்தலாகாது.

சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ இரண்டு வாரம் காத்திராதீர்கள். அவ்வெண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அது தூண்டப்படுவதில்லை. தனியே விடாதீர்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ், 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் உதவுகிறது. தியானமே போதுமென்று என்னிடம் வருவோர்க்கும் நான் முதலில் மருத்துவரையே காட்டுகிறேன்.

அத்தோழரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய மனைவியார். மூன்று மாதத்தில் அவர் மீண்டும் இழை ஒட்டத் தொடங்கினார்.