தூண்டில் கம்பும் எபாக்சி பூச்சும்
(ஒரு செய்முறைப் பாடம்)

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், மாத்தூர்



நமக்கு ஒரு பக்கம் மணலி, மறுபக்கம் எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு. அங்கே ரசாயனம், இங்கே மீன். இந்த இரண்டும் சேரும் ஒரு சின்ன வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தூண்டில் கம்பில் வளையங்களை நூலால் கட்டி, அதன் மேல் எபாக்சி பூசுவது எப்படி? "இதுல என்னப்பா பெரிய பாடம் இருக்கு, பிரஷ்ஷால தடவினா முடிஞ்சது"ன்னு நினைக்காதீங்க. பாலிமர் வேதியியல், பாகுநிலை, மையவிலக்கு விசை, தொழில் பாதுகாப்பு, எல்லாமே ஒரு சாண் நீளக் கட்டுக்குள்ளே இருக்கு.

எபாக்சி பிறந்த கதை

1930-களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் எபாக்சி ரெசினை உருவாக்கினார். 1946-ல் சீபா நிறுவனம் "அரால்டைட்" என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. எபாக்சியின் மூலப்பொருளான எபிகுளோரோஹைட்ரின், மணலி தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் பல ஆண்டுகள் தயாரானது. எபாக்சி ரெசின் தயாரிக்கவே பெட்ரோ அரால்டைட் என்ற நிறுவனமும் மணலியில் அமைந்தது.

கட்டுக்கு ஏன் பூச்சு?

கடலுக்குப் போகிறவர்களுக்குக் கைத்தூண்டிலும் தங்கூசியும் போதும். முகத்துவாரத்திலும் கல் கரையிலும் நின்று கொடுவாவுக்கும் பாறைக்கும் வீசுகிறவர்களுக்குத்தான் கம்பும் ரீலும் வேண்டும். கம்பின் உடல் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைக் குழாய். அதில் துளை போட்டால் பலம் போய்விடும். ஆகவே வளையத்தின் பாதத்தைக் கம்பின் மேல் வைத்து, மெல்லிய நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். பிடித்து வைப்பது நூல். நூல் நகராமல், உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது எபாக்சி. பூச்சு சரியில்லை என்றால் பாதம் துருப்பிடிக்கும், கட்டு தளரும், பெரிய மீன் இழுக்கும் நேரத்தில் வளையம் பிய்த்துக்கொண்டு போகும்.

கலவை விகிதம்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

எண்ணூர், காசிமேடு பக்கம் ஃபைபர் போட் பழுது பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தப் படகுகள் மிகவும் பெருகின. அங்கே பெரும்பாலும் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றும் கேட்டலிஸ்ட் 100-க்கு 1 அல்லது 2 பங்குதான். கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். அதே பழக்கத்தில் எபாக்சியிலும் "ஹார்டனரை இன்னும் ரெண்டு சொட்டு விடுடா, சீக்கிரம் காயட்டும்" என்பார்கள். இது முற்றிலும் தவறு!

எபாக்சியில் ஹார்டனர் வெறும் தூண்டுபொருள் அல்ல. ரெசினோடு கைகோத்து வலைப்பின்னலின் ஒரு பாகமாகவே ஆகிவிடும் பொருள். கணக்கைப் பாருங்கள். சாதாரண எபாக்சி ரெசினின் எபாக்சி சமான எடை சுமார் 190. டிரைஎத்திலீன் டெட்ராமைன் என்ற ஹார்டனரின் மூலக்கூறு எடை 146, வினைபுரியும் ஹைட்ரஜன் 6. எனவே அதன் சமான எடை 146 ÷ 6 = 24.3. 100 பங்கு ரெசினுக்குத் தேவை 24.3 × 100 ÷ 190 = சுமார் 12.8 பங்கு. இரண்டு மடங்கு ஊற்றினால், பாதி ஹைட்ரஜனுக்கு ஜோடியே கிடைக்காது. பூச்சு பிசுபிசுன்னு நிற்கும். ஒரு மாதம் வெயிலில் வைத்தாலும் தேறாது. நடைமுறையில் டேட்டா ஷீட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுவே முடிவு.

லேபில் நாம் கலக்கும் ரெசின் இறுகியதும் விறைப்பாக இருக்கும். கம்போ வளைய வேண்டியது. அதனால் கம்புக்கென்று வரும் பூச்சு சற்று வளையும் தன்மையோடு, பெரும்பாலும் கன அளவில் 1-க்கு 1 என்று கலக்கும்படி வருகிறது. கன அளவு என்று சொன்னால் கன அளவுதான். ரெசின் ஹார்டனரை விடக் கனமானது, தராசில் சரிபாதி போட்டால் விகிதம் மாறிவிடும். ஐந்து நிமிடத்தில் ஒட்டும் கடைப் பசையும் இதற்கு ஆகாது. பரவிச் சமமாவதற்குள் அது இறுகிவிடும்.

செய்முறை

1. கம்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். அதன் பின் விரல் படக்கூடாது.

2. ரெசினுக்கு ஒரு சிரிஞ்சு, ஹார்டனருக்கு ஒரு சிரிஞ்சு. மாற்றிப் போடக்கூடாது. மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் ரப்பர் தலை இருந்தால் அதில் சிலிகான் எண்ணெய் தடவியிருக்கும். அது கலவையில் சேர்ந்தால் பூச்சு ஒட்டாமல் மீன் கண் மாதிரிக் குழி விழும். முழுதும் பிளாஸ்டிக்கான சிரிஞ்சே நல்லது.

3. ஒவ்வொன்றிலும் 3 மில்லிக்குக் குறையாமல் எடுங்கள். 3 மில்லியில் 0.2 மில்லி பிசகினால் பிழை சுமார் 7 சதவீதம். 1 மில்லியில் அதே பிசகு 20 சதவீதம்!

4. மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்க வேண்டும். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்றுக்குமிழி சேரும்.

5. கலந்ததை அலுமினியத் தாளில் மெல்லியதாக ஊற்றிப் பரப்புங்கள். குமிழி தானே வெளியேறும், சூடும் சேராது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் கப்பிலேயே விட்டால் கப்போடு சேர்ந்து இறுகிவிடும்.

6. கம்பைச் சுழலவிட்டு, பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசுங்கள். முதல் பூச்சு நூலுக்குள் ஊற வேண்டும். நூல் நிறம் கருக்காமல் இருக்க, நிறம் காக்கும் திரவத்தை முன்பே தடவிக் காயவைப்பதுண்டு. மிச்சக் குமிழிக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஒரு கணம் தூரத்தில் காட்டினால் போதும்.

7. இரண்டாம் பூச்சை ஒரு நாளுக்குள் கொடுத்தால் அடிப்பூச்சோடு ரசாயன ரீதியாகவே பிணையும். நாள் கடந்தால் லேசாக உப்புத்தாள் போட்டபின் பூச வேண்டும். தடிமனாக ஒரே பூச்சு கொடுப்பதால் பலம் கூடாது, நுனியில் பாரம்தான் கூடும்.

ஏன் சுழற்ற வேண்டும்?

சுழற்றாவிட்டால் பூச்சு அடியில் தொங்கித் துளியாகும். சுழலும்போது மேல் பக்கம் கீழாகவும் கீழ்ப்பக்கம் மேலாகவும் மாறிக்கொண்டே இருப்பதால் வழிய நேரம் கிடைக்காது. மேற்பரப்பு இழுவிசை அதை வழவழவென்று சமமாக்கிவிடும். 10 மி.மீ. விட்டமுள்ள கம்பு நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றினால் மையவிலக்கு முடுக்கம் வெறும் 0.0055 மீ/வி². புவியீர்ப்பில் சுமார் 1800-ல் ஒரு பங்கு. 200 சுற்று வைத்தால் அது 2.2 மீ/வி² ஆகிவிடும். ஆக மெதுவே நல்லது. பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் மோட்டார் 5 அல்லது 6 சுற்று தரும், நம்ம வேலைக்கு அளவெடுத்த மாதிரி. எத்தனை வோல்ட் என்று அதன் மேல் படித்துவிட்டு, இன்சுலேஷன் செய்து இணைக்கவும். மோட்டார் இல்லையா? முதல் இரண்டு மணி நேரம் கையால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

நம்ம ஊர் ஈரக்காற்று

ஐப்பசி, கார்த்திகையில் பூச்சின் மேல் வெள்ளையாக மெழுகு படிந்தாற்போல் வருவதுண்டு. ஹார்டனரிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்வதால் வருவது அது. அதன் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டால் உரிந்துவிடும். தின்னர் தேவையில்லை, இறுகியபின் வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் போட்டுத் தேய்த்தாலே கரைந்து போகும். காயவைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபூச்சு கொடுங்கள். மழை பெய்யும்போது கதவை மூடி ஒரு பல்பு வெளிச்சத்தில் வேலை செய்தால் ஓரளவு தப்பலாம்.

கை பத்திரம்!

தோழர்களே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ரெசினும் ஹார்டனரும் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். முதல் நாள் ஒன்றும் ஆகாது, பத்தாம் நாளும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் அது போகாது. அப்புறம் துளி பட்டாலே அரிப்பும் கொப்புளமும். படகுக் கட்டும் இடமோ, பெயின்ட் கம்பெனியோ, சர்க்யூட் போர்டு வேலையோ, எபாக்சி இருக்கும் எந்த வேலையும் அந்தக் கைக்குக் கஷ்டம். டிப்ளமா முடித்துவிட்டு இந்தப் பக்கமே வேலை தேடப்போகும் நமக்கு இது சின்ன விஷயமா?

நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். தேய்க்கும்போது மூக்குக்கு முகமூடி அவசியம்.

கடைசியாக, மிச்ச ரெசினை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை போய், மீனவர்களின் வலையும் படகும் எண்ணெயில் தோய்ந்ததை நாம் அறிவோம். நம்ம கப்பில் இருப்பது கொஞ்சம்தான். இருந்தாலும் அது போய்ச் சேருவது அதே தண்ணீருக்குத்தான். ரெசினையும் ஹார்டனரையும் கலந்து, முழுதும் இறுகவிட்டு, கட்டியான பிறகு குப்பையில் போடுங்கள்.

விகிதம் சரி, சுழற்சி சரி, கையுறை சரி என்றால் பூச்சும் சரியாக வரும். முதல் முயற்சிக்குப் புதுக் கம்பு வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியில் நாலு கட்டு கட்டிப் பூசிப் பாருங்கள். நன்றாக வந்ததும் லேபுக்குக் கொண்டு வாருங்கள், எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்வோம்.