நீரிழிவும் உழைச்செல்வாரும்

பிணிகளுட் சில தம் வரவைத் தாமே அறிவிக்கும். காய்ச்சல் உடலைச் சுடும்; பல்நோய் உறங்க விடாது. நீரிழிவோ அத்தகையதன்று. பல ஆண்டுகள் உடலிற் குடியிருந்தும் அது வாய் திறவாது. நோவு இல்லாமையால் நோயும் இல்லையென மயங்குவார் பலர். அம்மயக்கத்தை நீக்குவார் யாவர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் நோயின் இயல்பைக் காண்போம். நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கிறது. அதனை உடல் ஏற்றுப் பயன்கொள்ளச் செய்வது கணையத்திற் சுரக்கும் இன்சுலின். அது குறையினும், உடல் அதற்கு இணங்காது போயினும், சர்க்கரை குருதியிலேயே தங்கும்; மிகுந்தவழிச் சிறுநீரோடு கழியும். நீர் மிகுதியாக இழிதலின் நீரிழிவு என்றனர்; அந்நீரின் இனிமை நோக்கி மதுமேகம் என்றனர் வடநூலார். வெறுவயிற்றில் 100 மில்லிலிட்டர் குருதியில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருப்பதாக மறுசோதனையிலும் தெளியின் அது நீரிழிவாகும். கவனியாது விடின் கண், சிறுநீரகம், நெஞ்சு, நரம்பு ஆகியவற்றை மெல்லக் கெடுக்கும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையர் என்பது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் முடிபு.

இந்நோய்க்கு மருத்துவம் இல்லையோ எனின், உண்டு. அதன் வரலாற்றில் எம் வடசென்னைக்குத் தனியிடமும் உண்டு. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார்; 1954-இல் இராயபுரத்தில் மருத்துவமனை நிறுவினார். நோயைத் தடுக்கவும் கூடும். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டளவு ஆராய்ந்து 2006-இல் முடிபு வெளியிட்டனர். உணவைத் திருத்தி நாளும் நடந்தவரிடை நோய் முற்றுதல் நான்கில் ஒரு பங்கிற்கு மேற் குறைந்தது.

மருத்துவரும் உளர், மருந்தும் உண்டு, பின்னும் நோய் வெல்வது ஏன்? எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றே விடையாகும். மீஞ்சூரை அடுத்த வள்ளூரிற் கூலி வேலை செய்து எம்மை வளர்த்தவர் எம் பாட்டியார். மாத்திரை வாங்கச் சென்றால் ஒரு நாட் கூலி போகும், உடம்பும் நன்றாகவே இருக்கிறது, ஆதலின் செல்லாதொழிந்தார். ஒரு சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தார். நரம்பு மரத்திருந்தமையால் கால் கொப்புளித்தது அவருக்குத் தெரியவில்லை. புண் முற்றி இரண்டு விரல்களை இழந்தார்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறுகிறது: நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திருந்து உதவுவோனே உழைச்செல்வான். எம் பாட்டியார்க்கு முன் மூன்றும் இருந்தன; நான்காவது இல்லை.

அந்நான்காம் உறுப்பை நாடிய முயற்சியே தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் அது தொடங்கப்பெற்றது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று குருதி அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கின்றனர். ஐயமுடையாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகின்றனர். நோயுடையார்க்கு மாத்திரைகளை இல்லத்திலேயே அளிக்கின்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது.

எம் வீட்டுக்கு வந்த தன்னார்வலர் மாத்திரைகளை எண்ணினார், மிகுந்திருந்தன. "ஆயா, ஏன் மீந்தன?" என வினவினார். "இனிப்பு உண்ட நாளில் மட்டுமே விழுங்கினேன்" என்றார் பாட்டியார். இத்தனை ஆண்டு எந்த மருத்துவரும் அறியாத செய்தி அது! சோறும் சர்க்கரையாகும், ஆதலின் மாத்திரை நாள்தோறும் வேண்டும் என அவர் அமர்ந்து விளக்கினார். பின்னர்க் காலை நீட்டச் சொல்லி விரலிடுக்கெல்லாம் பார்த்தார்.

உழைச்செல்வார் மருத்துவர் அல்லர். மருந்தின் அளவை மாற்றுதல் அவர்க்கு உரியதன்று. ஆயினும் மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடமே. எஞ்சிய நாளெல்லாம் நோய் வாழ்வது வீட்டில். அவ்வீட்டினுட் புகுந்து காண்பவர் இவரே.

மாணவ நண்பர்களே, இப்பணியில் நமக்கும் பங்குண்டு. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் முதியோரின் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் மிகுக்கச் சொல்லுங்கள். மாலையில் உடன் நடந்து செல்லுங்கள். வியர்த்து நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நினைவிருப்பின் உடனே சர்க்கரை நீர் கொடுத்து மருத்துவரை நாடுங்கள். நாள்தோறும் அவர் கால்களைப் பாருங்கள். யாம் அன்றே குனிந்து பார்த்திருப்பின் எம் பாட்டியாரின் விரல்கள் எஞ்சியிருக்கும்.