எந்தப் பக்கம் அழுத்தினால் பாறை உடையும்?

வாழப்பாடி வட்டாரக் கிணறுகளில் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரியும் பாறையைக் காட்டி, "ஒரு காலத்தில் கடல் படியவைத்த அடுக்கு" என்பார்கள் சிலர். இல்லை, அது நைஸ் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் போட்ட வரிகள் அவை. கடல் படியவைத்த அடுக்கைப் பார்க்க ஆத்தூர் தாண்டி, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரை போக வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள ஷேல் பாறை, மழை அரித்த வெற்று மேடுகளாக அங்கே கிடக்கிறது. நடுநடுவே ஜிப்சம் கீற்றுகளும் கடலுயிர்ப் படிமங்களும் உண்டு.

அடுக்குப் பாறை என்றாலே பலவீனம் என்பது அடுத்த நம்பிக்கை. பாதிதான் உண்மை. ஷேலில் தட்டையான களிமண் துகள்கள் படுத்தவாக்கில் அமர்ந்திருப்பதால் ஏடுகளுக்கிடையே பிடிப்பு குறைவு. ஷேல் இறுகி உருமாறியதுதான் பலகைக்கல். அதுவும் ஏடேடாகப் பிரியும். ஆந்திரத்தின் மார்க்காபுரத்தில் அதை உரித்துத்தான் பள்ளிச் சிலேட்டு செய்தார்கள். ஆனால் ஏடுகளுக்குக் குறுக்காக மேலிருந்து அழுத்தினால் அதே கல் நன்றாகவே தாங்கும்.

அப்படியானால் ஏட்டின் போக்கில் அழுத்தும்போதுதான் எளிதில் உடையுமா? பலரும் ஆம் என்பார்கள். சோதனைக்கூடம் வேறு சொல்கிறது.

1960இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜே.சி. யேகர் இதைக் கணக்காகப் போட்டார். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டோனாத், மார்டின்ஸ்பர்க் எனப்படும் பலகைக்கல்லைப் பல கோணங்களில் உருளைகளாக வெட்டி நசுக்கிப் பார்த்தார். அழுத்தும் திசைக்கும் ஏட்டுக்கும் இடையே சுமார் 30 டிகிரி இருக்கும்போதுதான் கல் மிகக் குறைந்த சுமையில் உடைந்தது. சாய்த்துப் பிடித்த சீட்டுக்கட்டு போல ஒரு ஏடு இன்னொன்றின்மேல் வழுக்கிவிடுகிறது. ஏட்டின் போக்கிலோ குறுக்காகவோ அழுத்தினால் வழுக்க வழியில்லை.

"கல் அமுங்காது" என்பதும் தவறு. எல்லாப் பாறையும் துளி அமுங்கி, சுமை நீங்கியதும் மீளும். ஷேலைக் குறுக்காக அழுத்தும்போது ஏடுகளுக்கிடையே உள்ள மென்களியும் நுண்விரிசல்களும் நசுங்குகின்றன. போக்கில் அழுத்தினால் விறைப்பான ஏடுகள் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. பல ஷேல்களில் போக்கில் உள்ள விறைப்பு, குறுக்கே இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. சிலவற்றில் இரண்டு மடங்கும் இருக்கும். நில அதிர்வலையும் போக்கில்தான் வேகமாக ஓடுகிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்கு இந்தத் திசை வேறுபாடு வெறும் பாடமல்ல. ஷேலுக்குள் சாய்வாக இறங்கும் துளையில் கோணம் தப்பினால் சுவர் சரிந்து கருவி சிக்கிக்கொள்ளும். (செங்குத்தாக, அதுவும் கருங்கல்லில் துளையிடும் திருச்செங்கோட்டு ரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.)

கருங்கல்லுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று விட்டுவிடவும் முடியாது. நைஸில் இந்தத் திசை வேறுபாடு ஷேலைவிடக் குறைவு; ஆனால் மைக்கா வரிகள் தடித்த இடத்தில் அதுவும் வரியோடு பிரியும். வெட்டுக்கிணற்றில் வரிகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் பக்கமே முதலில் சரியக்கூடியது. மழைக்குப் பின் இன்னும் எளிதாக. எதிர்ப்பக்கச் சுவரோ பெரும்பாலும் நின்றுவிடும். கிணற்றை ஆழப்படுத்துவோர் வெடி வைக்கும் முன் வரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைச் சோதனைக்கு அனுப்பினால் அந்தச் சாய்வை அதன்மேல் கோடு போட்டுக் குறித்து அனுப்புங்கள்.