காசநோய்க்கு எது பத்தியம்?

“ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் தினமும் கொடு, நோய் தானே போய்விடும்.” மருந்தே இல்லாத காலத்து நம்பிக்கை இது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை என்பதற்கு மேல் அன்று பெரிதாக வழியில்லை. மருந்துகள் வந்தபின் 1950களில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு மாத்திரை. மற்றவர்களுக்கு அதே மாத்திரை, வீட்டில் இருந்த எளிய சாப்பாடு. ஓராண்டில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூப்பை நம்புவது ஆபத்து.

அதற்காகச் சாப்பாடு எப்படியிருந்தாலும் சரி என்பதும் தப்பு. ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் தந்தார்கள்: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கூடுதலாக அரிசி, பருப்பு கொடுத்தபோது அவர்களுக்கு நோய் வருவது 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஆகவே முட்டையை நோயாளிக்கு மட்டும் ஒளித்துவைத்துக் கொடுக்கும் பாசம் பாதிதான் சரி.

விலை உயர்ந்த டப்பா பவுடர் கட்டாயமில்லை. சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு போடும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். ஒரே டப்பாவில் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும்; முட்டை, பருப்பு, நிலக்கடலை வாங்கினால் வீடே சாப்பிடலாம்.

“மீன், தயிர், கத்தரிக்காய் ஆகாது.” தயிரையும் கத்தரிக்காயையும் விலக்கக் காரணமே இல்லை. மீன் விஷயத்தில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. சூரை போன்ற மீன்கள் பதம் கெட்டால் ஹிஸ்டமின் சேரும். அதை உடல் சிதைப்பதை, காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மாத்திரை தடுக்கும். முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கையில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். சிகிச்சை முடியும்வரை சூரை போன்ற மீன்களை விடுங்கள். மற்ற மீன்களை நல்ல பதத்தில் வாங்கிச் சாப்பிடலாம்.

தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. இருமும்போது காற்றில்தான் கிருமி பரவுகிறது. மதுவை விட வேண்டும். மாத்திரையும் மதுவும் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும்.

வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டினால், மருத்துவரிடம் கேட்டு லேசாக ஏதாவது சாப்பிட்டபின் போடலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தால், பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.